வாத்தா, முயலா? ஒரு ஜோக் டெஸ்ட் ஆன கதை

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆபீஸில் ஒரு டிரெயினிங். மதியச் சாப்பாடு முடிந்து கண் சொக்கும் நேரம். டிரெயினர் திரையில் ஒரு கோட்டுப் படத்தைப் போட்டு, "முதல்ல என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க" என்றார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். இடது பக்கம் நீளும் இரண்டு பட்டைகளை அலகு என்று எடுத்துக்கொண்டால் வாத்து. அதையே காது என்று எடுத்துக்கொண்டால் வலது பக்கம் பார்க்கும் முயல். கண் ஒன்றுதான், இரண்டுக்கும் பொது.

எனக்கு வாத்து தெரிந்தது. டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் "முயல்" என்றார். அடுத்த நொடியே, "அட, வாத்தும் இருக்கு சார்!" என்றார். "முதல்ல பார்த்ததுதான் கணக்கு" என்று டிரெயினர் வெட்டிவிட்டார். வாத்து பார்த்தவர்கள் இடது மூளைக்காரர்கள், லாஜிக் வரும். முயல் பார்த்தவர்கள் வலது மூளைக்காரர்கள், கற்பனை வரும். இதுதான் அவர் தந்த விளக்கம். எனக்கு அந்த முயல் பிடிபட டீ பிரேக் வரை ஆனது. அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் வேலை பிரித்தோம். அந்தப் பெண் பில்லிங் மாட்யூலைக் கேட்டிருந்தார். "அவங்க கிரியேட்டிவ் டைப், ஸ்கிரீன் டிசைன்ல போடலாமே" என்று மீட்டிங்கில் ஒரு குரல். அந்தக் குரல் என்னுடையது. இரண்டு வருஷம் அவர் பட்டனுக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்தார்.

சமீபத்தில் வேறு எதையோ தேடும்போது இந்தப் படத்தின் பூர்வீகம் கண்ணில் பட்டது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் 'ஃபிளீகெண்டே பிளேட்டர்' என்று ஒரு நகைச்சுவை வார இதழ் வந்துகொண்டிருந்தது. 1892 அக்டோபர் 23 தேதியிட்ட இதழில் இந்தப் படம் வெளியானது. எந்த இரண்டு மிருகங்கள் ஒன்றுக்கொன்று ரொம்ப ஒத்திருக்கின்றன என்று ஒரு கேள்வி, முயலும் வாத்தும் என்று ஒரு பதில். அவ்வளவுதான், ஒரு கடி ஜோக். அதே வருஷம் அமெரிக்காவின் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' அதை எடுத்துப் போட்டது.

அங்கிருந்து அது ஜோசப் ஜாஸ்ட்ரோவ் கைக்குப் போனது. போலந்தின் வார்சாவில் பிறந்து, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். 1899-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் இந்தப் படத்தைப் பயன்படுத்தினார். பார்ப்பது கண் மட்டும் செய்கிற வேலை இல்லை, மனசும் சேர்ந்துதான் பார்க்கிறது. தாளில் கோடு மாறாமலே பார்க்கிற பொருள் மாறுகிறதே, அதுவே சாட்சி. இதுதான் அவர் வாதம். யார் எந்த டைப் என்று பிரிப்பதற்காக அவர் இதைக் காட்டவில்லை. சொல்லப்போனால் ஆவியோடு பேசுகிறேன், மனசைப் படிக்கிறேன் என்று கிளம்பியவர்களைத் தோலுரிப்பதையே பாதி வேலையாக வைத்திருந்த மனுஷர். அவர் பிரபலமாக்கிய படமே பின்னாளில் கிளி ஜோசியச் சீட்டாக மாறிவிட்டது!

இந்த இடது மூளை, வலது மூளை கதை எங்கிருந்து வந்தது? கடுமையான வலிப்பு நோயாளிகள் சிலருக்கு மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டிச் சிகிச்சை செய்தார்கள். அவர்களை வைத்து ரோஜர் ஸ்பெரி செய்த ஆய்வுகளுக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. இரு பாதிகளுக்கும் சில வேலைகளில் வித்தியாசம் உண்டு என்பது உண்மை. மனுஷங்களையே இரண்டு ஜாதியாகப் பிரித்தது பிற்பாடு வந்த ஜனரஞ்சகப் புத்தகங்களின் கைங்கரியம்.

சரி, முதலில் தெரிவது எதைத்தான் காட்டுகிறது? 1993-இல் வெளியான ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்விட்சர்லாந்தில் பீட்டர் புரூகர் என்பவரும் அவர் சகாவும் ஜூரிக் மிருகக்காட்சி சாலை வாசலில் நின்று, வருகிறவர்களிடம் இந்த வகைப் படத்தைக் காட்டிக் கேட்டார்கள். ஈஸ்டர் ஞாயிறன்று 265 பேர், அக்டோபரில் ஒரு ஞாயிறன்று 276 பேர். ஈஸ்டரில் பெரும்பாலானவர்களுக்கு முயல் தெரிந்தது, அக்டோபரில் பெரும்பாலானவர்களுக்குப் பறவை. அந்த ஊர்களில் ஈஸ்டருக்கு முட்டை கொண்டுவருவது முயல்தான் என்பது ஐதீகம். கடைவீதி முழுக்க சாக்லேட் முயல் அடுக்கியிருக்கும். மூளையின் எந்தப் பாதி என்பதைவிட, காலண்டரில் எந்த மாசம் என்பதுதான் அங்கே பேசியது.

ஆனால் இந்தப் படத்துக்கு உள்ளே வேறு ஒரு விஷயமும் இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது. இர்வின் ராக், அலிசன் கோப்னிக் குழுவினர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நாலு வயசுக் குழந்தைகள் இப்படிப்பட்ட படங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டால் தானாக மற்றதுக்கு மாறுவது அரிதாக இருந்தது. 2011-இல் ரிச்சர்ட் வைஸ்மன் குழுவினர், சுலபமாகத் தாவ முடிந்தவர்கள் புதுப் புது யோசனை சொல்லும் பயிற்சியிலும் சராசரியாக நன்றாகச் செய்தார்கள் என்று எழுதினார்கள்.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அன்று அந்த அறையில் ஏதாவது ஒன்று கவனிக்கத் தக்கதாக இருந்தது என்றால், அது "அட, வாத்தும் இருக்கு சார்" என்ற அந்த வரி. அதைத்தான் கணக்கில் சேர்க்காமல் விட்டோம்.

உடனே "முயலுக்கும் வாத்துக்கும் தாவுகிறவர்களுக்கே பில்லிங் மாட்யூல்" என்று புது விதி போட்டுவிடலாமா? கூடாது. சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிய பேச்சு. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளைப் பற்றி அது தீர்ப்புச் சொல்லாது. பில்லிங் மாட்யூல் எழுத முடியுமா என்று தெரிய, ஒரு வாரம் எழுதக் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. நான் அதைச் செய்யவில்லை.

போன மாதம் தாராசுரம் போயிருந்தேன். இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில், 12-ஆம் நூற்றாண்டு. அங்கே யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. பக்கத்தில் ஒரு பாட்டி பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு உடம்பைக் கையால் மறைத்து, "இப்ப என்ன தெரியுது?" கையை மாற்றி, "இப்ப?" பையன் கத்தினான், சிரித்தான். முதலில் எதைப் பார்த்தாய் என்று அந்தப் பாட்டி கேட்கவே இல்லை.

அந்தப் பெண் அப்புறம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். இப்போது அங்கே பெரிய பேங்கிங் சிஸ்டம் ஒன்றைக் கவனிப்பதாகக் கேள்வி. ஒரு மெயில் எழுதி, அனுப்பாமல் டிராஃப்டில் வைத்திருக்கிறேன்.