சமையலறைத் தாவரங்களின் பாக்டீரியா எதிர்ப்புச் சோதனை

பூண்டு, இஞ்சி, மஞ்சள், கிராம்பு, ஓமம் போன்ற அடுக்களைப் பொருள்களின் சாறு பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்க்கும் சோதனை. கல்லூரி நுண்ணுயிரியல் கூடங்களில் பெரிதும் கையாளப்படுவது வில்லைப் பரவல் முறை. ஆன்டிபயாடிக் மருந்துகளுக்காக 1966இல் பாவர், கெர்பி முதலியோர் இதை முறைப்படுத்தினர்.

பெட்ரித் தட்டில் உறைந்த முல்லர்–ஹின்டன் அகாரின் மேல் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் அல்லது ஈ.கோலை பாக்டீரியாவைப் பஞ்சுக் குச்சியால் சீராகப் பூசுவார்கள். சாற்றில் தோய்த்த 6 மி.மீ. வடிதாள் வில்லைகளை அதன்மேல் பதித்து, சுமார் 35 பாகை செல்சியஸில் ஓரிரவு விடுவார்கள். மறுநாள் தட்டெங்கும் மங்கலான படலம் படர்ந்திருக்கும். சாறு வேலை செய்திருந்தால் வில்லையைச் சுற்றித் தெளிந்த வளையம் தெரியும். அதன் விட்டத்தை அளந்து குறிப்பார்கள். சாறெடுக்க உதவிய எத்தனாலில் மட்டும் தோய்த்த வில்லை ஒன்றும் அதே தட்டில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கொன்றது இஞ்சியா, சாராயமா என்று சொல்ல வழியில்லை.

வளையத்தின் அகலத்தை மட்டும் வைத்து மஞ்சளைவிடப் பூண்டு வீரியமானது என்று எழுதிவிடுவது தவறு. அகாரில் பெரும்பகுதி நீர்தான். மஞ்சளின் குர்குமின் நீரில் அநேகமாகக் கரையாது. வில்லையை விட்டு நகராது. கிராம்பின் யூஜெனாலும் ஓமத்தின் தைமாலும் எளிதில் பரவா, ஆவியாகவும் செய்யும். இவற்றுக்குத் திரவ ஊடகத்தில் சாற்றைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்துகொண்டே போய், வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவைக் காண்பதே பொருந்தும்.

பூண்டின் வீரியத்துக்குக் காரணமான அல்லிசினை 1944இல் அமெரிக்காவில் கவல்லிட்டோவும் பெய்லியும் பிரித்தெடுத்தனர். முழுப் பல்லில் அல்லிசின் கிடையாது. இடிக்கும்போது அல்லீன் என்ற சேர்மமும் தனி அறையில் இருந்த அல்லினேஸ் நொதியும் கலந்து, சில நொடிகளில் அது உருவாகிறது. சூடு பட்டால் நொதி செயலிழக்கும். எனவே முழுப் பல்லாக வதக்கிய பூண்டுக் குழம்பில் அல்லிசினை எதிர்பார்க்க முடியாது. தட்டில் கொல்லும் பொருள் உடலுக்குள்ளும் கொல்லும் என்பதற்கும் உறுதி இல்லை: இரத்தத்தில் அல்லிசின் விரைவில் சிதைந்துவிடும்.

பழைய செய்முறைகளைச் சோதித்ததில் குறிப்பிடத்தக்கது 2015இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் செய்தது. பூண்டு, வெங்காய இனக் கீரை, ஒயின், மாட்டுப் பித்தம் ஆகியவற்றைக் கலந்து ஒன்பது நாள் ஊறவைக்கச் சொல்லும், 10ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கண் களிம்பை அங்கே சோதித்தனர். மருந்துக்கு மசியாத எம்ஆர்எஸ்ஏ பாக்டீரியாவை அந்தக் களிம்பு கொன்றது. கெட்டியான பாக்டீரியாப் படலத்தை அழிக்க எல்லாப் பொருள்களும் சேர வேண்டும், பூண்டு தனியே போதாது என்று 2020இல் வெளியான தொடர் ஆய்வு காட்டியது.

பூண்டு எல்லாக் கிருமியையும் கொல்வதில்லை. மண்ணிலிருந்து பூண்டில் ஒட்டும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் வித்துகள், காற்றுப் புகாத எண்ணெயில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். 1985இல் கனடாவின் வான்கூவரில், குளிர்பதனப் பெட்டியில் வைக்காத நறுக்கிய பூண்டு எண்ணெயால் 36 பேர் நோயுற்றனர்.