கொச்சியில் நடக்காத திருமணம்



1950-ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு யூதத் திருமணம் நடந்தது. மணமகன் பால்ஃபோர் சேலம். கொச்சி மட்டாஞ்சேரியைச் சேர்ந்தவர். (சேலம் என்றதும் நம் மாநிலத்து மாவட்டத்தை நினைத்துவிடாதீர்கள், மெல்கிசேதேக்கின் சாலேமை நினைத்துக்கொள்ளுங்கள்.) மணமகளும் அதே கொச்சி, அதே பரதேசி ஜெப ஆலயம். இருவரும் ஒரே தோராச் சுருளின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள், ஒருவரையொருவர் விரும்பியவர்கள். ஆயினும் சொந்த ஊரின் ஆலயத்தில் அவர்கள் மணம்புரிய இயலவில்லை. மணமகள் 'வெள்ளை யூதர்' எனப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். மணமகனோ 'மெஷுக்ராரிம்', அதாவது விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தவர்.

யூதருக்குள் சாதியா என்று நீங்கள் வியப்பீர்கள். கிறிஸ்தவருக்குள் சாதியா என்று வெளியிலிருப்பவர்கள் வியப்பதைப் போலத்தான் அதுவும்.

மலையாளக் கரைக்கு யூதர் வந்தது மிகப் பழங்காலத்தில். யோசேப்பு ரப்பானுக்குச் சேர அரசர் அளித்த செப்பேடு, நம் முன்னோர் எழுதிய வட்டெழுத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. பின்னர் பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்த்துகல் நாடுகளிலிருந்து துரத்தப்பட்டவர்களும் பிறரும் வந்து சேர்ந்தனர். 'பரதேசி' என்ற பெயர் அவர்களுக்கு வந்தது அப்படித்தான். 1568-இல் மட்டாஞ்சேரியில் அவர்கள் கட்டிய ஆலயம் இன்றும் நிற்கிறது. துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த மக்கள், வந்த இடத்தில் வம்சத் தூய்மை பேசத் தொடங்கினார்கள் என்பது வரலாற்றின் கசப்பான வேடிக்கை.

வழக்கு வெகு சீக்கிரமே எழுந்தது. சுமார் 1520-இல் கொச்சியிலிருந்து கெய்ரோவில் வாழ்ந்த ரபீ தாவீது இபின் சிம்ராவுக்குக் கடிதம் போயிற்று. ஒரு கூட்டத்தார் மற்றவர்களை அடிமை வழியினர் என்று சொல்லிப் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மறுக்கிறார்கள், இது சரியா என்பது கேள்வி. முறைப்படி நீராட்டி இஸ்ரவேலில் சேர்த்துக்கொண்டபின் அவர்கள் முழு யூதரே, மணஉறவு கொள்ளலாம் என்று அவர் விடையளித்தார். 1882-இல் எருசலேமின் தலைமை ரபீ பனிகேலும் ஏறத்தாழ அதையே எழுதினார். வேதமும் வேத அறிஞரும் ஒருமுறைக்கு இருமுறை 'ஆகும்' என்றார்கள். தெரு 'ஆகாது' என்றது. முதற்கடிதத்துக்கும் பம்பாய்த் திருமணத்துக்கும் இடையில் ஏறக்குறைய நானூற்று முப்பது ஆண்டுகள். யாத்திராகமம் 12:40-ஐத் திறந்து, இஸ்ரவேலர் எகிப்தில் குடியிருந்த காலத்தின் கணக்கைப் பாருங்கள்.

மணமகனின் தகப்பனாரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆபிரகாம் பராக் சேலம் 1882-இல் பிறந்தவர். எருசலேம் ரபீயின் தீர்ப்பு வந்த அதே ஆண்டு. சென்னையில் சட்டம் பயின்று எர்ணாகுளத்தில் வழக்கறிஞரானார். கொச்சி சட்டசபையில் இருமுறை உறுப்பினராக இருந்தார். 1929-இல் லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்கும் சென்று வந்தார். இத்தனை மதிப்புள்ள மனிதர் தம் ஆலயத்துக்குள் நுழைந்தால் மற்ற ஆண்களோடு ஆசனத்தில் அமர முடியாது. அவர் வகுப்பாருக்கு முன்கூடமும் தரையுமே இடம். செத்தாலும் புதைக்கத் தனி இடம். சேலம் முதலில் ஆலயத்தைப் புறக்கணித்தார். பிறகு காந்தியடிகளின் வழியைக் கைக்கொண்டு ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று பெயர் வந்தது. ஆசனமும் வாசிப்பும் பற்றிய தடைகள் காலப்போக்கில் ஒவ்வொன்றாக விழுந்தன.

திருமணத் தடையோ கடைசிவரை நின்றது. கவனியுங்கள்: ஒரே ஆலயத்தில் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தவர்களால் ஒரே வீட்டில் இடம் கொடுக்க முடியவில்லை.

நம் சபைகளின் கதையும் அதிக தூரத்தில் இல்லை. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் தென்னிந்தியத் திருச்சபைகளில் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் எத்தனை குடும்பங்கள் முறுக்கிக்கொண்டு வெளியேறின! இன்று நற்கருணைப் பாத்திரம் ஒன்றுதான். ஆனால் கிறிஸ்தவ மணமாலைப் பகுதியை எடுத்துப் பாருங்கள்: 'இரட்சிக்கப்பட்ட, ஊழிய வாஞ்சையுள்ள' என்று தொடங்கி, அடுத்த சொல்லிலேயே சாதி. அந்த இரண்டு சொற்களும் எப்படி ஒரே வரியில் நிற்கின்றன என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. நம் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில், 2016 மார்ச் 13 அன்று, பட்டப்பகலில் பேருந்து நிலையத்தருகே சாதி கடந்து மணந்த இளம் தம்பதியர் வெட்டப்பட்டதையும் கணவன் மாண்டதையும் நாம் அறிவோம். அவர்கள் நம் சபையார் அல்லர் என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது.

மட்டாஞ்சேரியின் முடிவு துயரமானது. தடை தகர்ந்த அதே ஆண்டுகளில் கொச்சி யூதரில் பெரும்பாலோர் கூட்டங்கூட்டமாக இஸ்ரவேல் நாட்டுக்குப் புறப்பட்டுவிட்டனர். சில குடும்பங்களுக்குள்ளேயே மணஉறவை அடைத்து வைத்திருந்த பரதேசிகளில் பலர் மணமாகாமலே முதுமையடைந்தனர். ஆலயத்தின் நானூறாம் ஆண்டு விழாவுக்கு 1968-இல் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். அப்போதே சபை சிறுத்திருந்தது. பொது ஜெபத்துக்கு வேண்டிய பத்து ஆண்கள் இன்று அந்தத் தெருவில் இல்லை.

ஆனால் இந்த மக்களிடம் நாம் கற்க வேண்டியது இவர்களின் தடைகளை மட்டுமல்ல, இவர்களின் மணவாழ்வையுந்தான். கொச்சி யூத மணவிழாவில் மோதிரம் திராட்சரசம் நிறைந்த கிண்ணத்தோடு நூலால் கட்டப்பட்டிருக்கும். பிற இடங்களில் ரபீ சொல்லும் ஆசீர்வாதத்தை இங்கே மணமகனே தன் வாயால் பாடுவான். மணமகளின் கழுத்தில் தாலியும் உண்டு. பெண்கள் மலையாளத்தில் மணப்பாடல் பாடுவார்கள். பிறகு 'கெத்துபா' என்னும் உடன்படிக்கை சபையார் முன் வாசிக்கப்படும். அது கணவனின் கடமைப் பத்திரம்.

அந்தக் கடமைகளின் வேர் யாத்திராகமம் 21:10-இல் இருக்கிறது: உணவு, உடை, தாம்பத்தியம். மூன்றாவதை நாம் பிரசங்கபீடத்தில் தொடுவதேயில்லை. ரபீமார் கூச்சப்படவில்லை. அது மனைவியின் உரிமை, கணவனின் கடன் என்று வகுத்து, மிஷ்னாவில் தொழிலுக்குத் தொழில் கணக்கே எழுதி வைத்தார்கள். வேலையில்லாத செல்வர் நாள்தோறும். கூலியாட்கள் வாரத்துக்கு இருமுறை. கழுதை ஓட்டுவோர் வாரத்துக்கு ஒருமுறை. ஒட்டகம் ஓட்டுவோர் முப்பது நாளைக்கு ஒருமுறை. மாலுமிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வேத அறிஞருக்கு ஓய்வுநாள் இரவு என்றது தால்மூது. உன்னதப்பாட்டை எல்லா எழுத்துகளிலும் மகா பரிசுத்தமானது என்று ரபீ அகிபா மதித்ததும் இதே மரபில்தான்.

இந்தப் பட்டியலைத் திருப்பூரில் உட்கார்ந்து வாசியுங்கள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு வீடு திரும்பும் டெய்லரும், செக்கிங்கில் பகல் முழுதும் நின்ற மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். நிட்டிங்கில் அவர் இரவு, கார்மெண்ட்ஸில் அவள் பகல் என்றால் அதுவும் இல்லை. அவள் பூட்டிய கதவை அவர் திறப்பார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீட்டில் ஆறேழு பேராகத் தங்கியிருக்கும் சகோதரர்கள் மிஷ்னாவின் மாலுமிகளை விடவும் மோசமான நிலையில் இருக்கிறார்கள். சனிக்கிழமைச் சம்பளத்தில் உணவும் உடையும் தவறாமல் வந்துவிடுகின்றன. மூன்றாவது கடமை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. தம்பதியர் சண்டையென்று என்னிடம் வந்தவர்களில் பலரிடம் நான் முதலில் கேட்பது ஷிப்ட் நேரத்தைத்தான்.

தால்மூதில் இன்னொரு விவாதம் உண்டு. கழுதை ஓட்டுபவன் ஒட்டகம் ஓட்டப் போனால் கூலி கூடும். ஆனால் வீட்டுக்கு வரும் நாள் குறையும். மனைவி எதை விரும்புவாள்? நிறையப் பணத்தைவிடக் கொஞ்சம் பணமும் கணவன் அருகிலிருப்பதுமே அவளுக்கு மேல் என்று முடிவு செய்தார்கள். ஆகவே தொழில் மாற்றத்துக்கு அவள் சம்மதம் வேண்டும்.

நைட் ஷிப்டுக்குப் பெயர் கொடுப்பதற்கு முன் நீங்கள் வீட்டில் கேட்டீர்களா?