திரைக்குப் பின்னால் உருளும் பகடை

பகடையை மறைத்து உருட்டுவது என்றாலே ஏமாற்று வேலை என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் மறைத்து உருட்டுவதையே விதியாக வைத்திருக்கும் விளையாட்டுகள் உண்டு. அந்த விதிக்கு இருநூறு வருஷ வரலாறும் உண்டு. அதை வெறும் பொழுதுபோக்கின் வரலாறாக வாசித்துவிட முடியாது. யாருக்கு எது தெரியலாம் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி அதில் தொடர்ந்து இருந்து வருகிறது.

தொடக்கம் பிரஷ்ய ராணுவத்தில். 1812இல் ரைஸ்விட்ஸ் என்பவர் அந்நாட்டு அரசர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியத்துக்குப் போர்விளையாட்டு மேசை ஒன்றைச் செய்துகொடுத்தார். பீரங்கிப்படை அதிகாரியான அவருடைய மகன் 1824இல் அதற்கு விதிநூல் வெளியிட்டார். இரண்டு அணிகள், நடுவே ஒரு நடுவர். இரு தரப்புப் படைகளும் எங்கெங்கே நிற்கின்றன என்பது முழுசாகத் தெரிந்தவர் நடுவர் ஒருவரே. பகடை உருட்டி, அட்டவணையைப் பார்த்து, சேதம் இவ்வளவு என்று அறிவிப்பவரும் அவரே. 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற அதிகாரி, அட்டவணையும் பகடையும் எதற்கு, நடுவரின் அனுபவமே போதுமே என்று வாதிட்டார். தற்செயலுக்கு இருந்த கொஞ்ச இடத்தையும் அதிகாரம் தன் கைக்குள் எடுத்துக்கொள்ளப் பார்த்த தருணம் அது.

இந்த நடுவர் அமெரிக்காவுக்கும் போனார். டாட்டன் என்ற ராணுவ அதிகாரி 1880இல் எழுதிய போர்விளையாட்டு நூலை, மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் தோண்டியெடுத்தார். அதன் தூண்டுதலில் 1969இல் அவர் நடத்திய ஆட்டத்தில், ஒவ்வொருவரும் ஒரு தனி மனிதரின் வேஷத்தை ஏற்று ஆடினார்கள். அந்தக் குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசனும் விஸ்கான்சினில் இருந்த கேரி கைகாக்ஸும் சேர்ந்து உருவாக்கியதுதான் 1974இல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. ராணுவ நடுவரின் நாற்காலி நண்பர்கள் கூடும் மேசைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

ஆட்டத்தை நடத்துபவருக்காக 1979இல் கைகாக்ஸ் எழுதிய கையேடு, சில பகடைகளை அவரே மறைவாக உருட்டவேண்டும் என்கிறது. காரணம் எளிமையானது. மூடிய கதவில் ஒருவன் காது வைத்துக் கேட்கிறான். பகடையை அவனே உருட்டி மோசமான எண் விழுந்தால், 'ஒன்றும் கேட்கவில்லை' என்ற பதிலை அவன் நம்பமாட்டான். எண் தெரியாதபோதுதான் அந்த மௌனம் மௌனமாகவே இருக்கும், பயமும் இருக்கும். வேண்டுமானால் பகடையின் தீர்ப்பையே தள்ளிவிடும் உரிமையையும் அந்தக் கையேடு நடத்துபவருக்குத் தருகிறது. சாகவேண்டிய பாத்திரம் பிழைத்துப்போவது அப்படித்தான். மறைப்பு என்பது அதிகாரத்துக்கு மட்டுமல்ல, கருணைக்கும் இடம் தந்தது.

ஆனால் அந்த மேசையில் திரை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. 1977இலேயே அட்டையில் செய்த திரைகளை ஜட்ஜஸ் கில்ட் விற்க ஆரம்பித்துவிட்டது. அட்டைக்குப் பின்னால் பகடை உருளும் சத்தம் எல்லோருக்கும் கேட்கும். ஒருவர் நடத்துபவரிடம் துண்டுச்சீட்டு நீட்டினால் மற்றவர்கள் பார்ப்பார்கள். சந்தேகம் வரக்கூடாதே என்று நடத்துபவர் சில சமயம் சும்மாவும் உருட்டுவார். மறைக்கப்பட்டது எண்தான், மறைக்கும் செயல் அல்ல. பெந்தாமின் சிறைக் கோபுரம் பற்றி ஃபூக்கோ சொன்னது இங்கே ஓரளவு பொருந்தும்: அதிகாரம் கண்ணில் படும், ஆனால் சரிபார்க்க முடியாது. ஒரு வித்தியாசம், சிறையில் எழுந்து போக முடியாது. இங்கே அட்டைக்கு மேலே எட்டிப்பார்க்கலாம், சண்டை போடலாம், வீட்டுக்கும் போகலாம்.

இணையத்தில் மேசை இல்லை, சத்தமும் இல்லை. 2012இல் வந்த ரோல்20இல் ஒரு சிறு கட்டளை தட்டினால் உருட்டியவரும் நடத்துபவரும் மட்டுமே எண்ணைப் பார்ப்பார்கள். மற்றவர்கள் திரையில் ஒன்றுமே வராது. 2020இல் வந்த ஃபௌண்ட்ரியில் உருட்டியவர் கண்ணுக்கே எண்ணைக் காட்டாத 'குருட்டு' உருட்டலும் உண்டு. ஆனால் இதில் ஒரு சுவடு மிஞ்சியது. இன்னார் மறைவாக உருட்டினார் என்ற வரியும் கேள்விக்குறிகளும் மற்றவர்களுக்குத் தெரிந்தன. சிலருக்கு அதுவே தொந்தரவாகிவிட்டது. அந்தக் கேள்விக்குறிகளையும் அழிக்கும் துணைநிரல்களைப் பயனாளர்களே எழுதினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கூட வருபவனின் பையில் ஒருவன் கைவிடும் காட்சியில் ஒரு கேள்விக்குறி போதும், கதை செத்துவிடும். ஆனாலும் நடந்தது என்ன? மறைப்பது போய், மறைத்ததையே மறைப்பது வந்துவிட்டது.

இன்னொருவரும் இப்போது உட்கார்ந்திருக்கிறார். பகடையை உருட்டும் கணினி, அதை வைத்திருப்பவர். அவர் கண்ணுக்குத் திரை ஏது? பணம் புழங்கும் சீட்டாட்டத்தில் இது வெட்டவெளிச்சமானது. 2007இல் அப்சல்யூட் போக்கரிலும் 2008இல் அல்டிமேட்பெட்டிலும், எதிராளிகளின் கவிழ்ந்த சீட்டுகளைப் பார்க்கக்கூடிய உள்கணக்குகளால் மோசடி நடந்தது வெளியே வந்தது. ஆடியவர்களுக்குத் தங்கள் முன் அப்படி ஒரு திரை இருப்பதே தெரியாது.

மறைப்பு என்றாலே இப்படித்தான் முடியும் என்றில்லை. விவாகரத்தான இருவர் காரை யார் வைத்துக்கொள்வது என்று தொலைபேசியில் நாணயம் சுண்ட முடியுமா என்று மேனுவல் ப்ளம் 1981இல் கேட்டார். முடியும் என்று காட்டினார். ஒருவர் தன் தேர்வைப் பூட்டி அனுப்புகிறார். மற்றவர் தன் பதிலைச் சொல்கிறார். பிறகு பூட்டு திறக்கப்படுகிறது. திறக்கும்வரை இவரால் பார்க்க முடியாது, அவரால் மாற்ற முடியாது. இதற்கு முன்பே 1979இல் ஷமீர், ரிவெஸ்ட், அடல்மன் மூவரும் பொதுவான ஆள் இல்லாமலே தொலைவில் சீட்டாடும் வழியை எழுதியிருந்தார்கள். நடுவர் என்ற நாற்காலியே இல்லாத ரகசியம்!

நண்பர்கள் ஆடுகிற இடத்தில் இவ்வளவு கணிதம் எதற்கு என்று கேட்கலாம். எதற்கும் வேண்டாம். பூட்டினால் நடத்துபவரின் கருணைக்கும் சேர்த்தே பூட்டு விழும். ஆனால் ரகசியங்களைப் பிரித்துப் பார்க்க இந்த வரலாறு உதவும். சுவடு விட்டு மறைப்பது ஒன்று, பின்னால் திறந்துகாட்டும் கட்டாயத்தோடு மறைப்பது ஒன்று, இரண்டும் இல்லாமல் மறைப்பது இன்னொன்று. முதல் இரண்டிலும் ஆடுபவர் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது. மூன்றாவதில் கேள்வி எழுவதற்கான குறியே அழிக்கப்படுகிறது. அந்தக் கேள்விக்குறிகளை அழித்தவர்கள் விளையாட்டுக்காகத்தான் அழித்தார்கள். அரசுகளும் கம்பெனிகளும் அதே காரியத்தை விளையாட்டுக்காகச் செய்வதில்லை.