திண்ணையிலிருந்து கப்பலேறிய பள்ளிக்கூடம்

சீமையில் சில வருஷங்கள் இருந்துவிட்டு வந்த நண்பர் ஒருவர் சென்ற மாதம் திண்டுக்கல்லுக்கு வந்திருந்தார். ஊருக்கு வருகிறவர்களுக்கு நான் காட்டக்கூடிய அதிசயம் ஒன்றே ஒன்றுதான், மலைக்கோட்டை. வெயில் ஏறுவதற்கு முன்னால் அவரை அழைத்துக்கொண்டு பாறையில் வெட்டிய படிகளில் ஏறினேன். பாதி வழியில் மூச்சு வாங்கியது. எனக்குத்தான், அவருக்கு இல்லை. அவர் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். பேச்செல்லாம் இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி.

"காண்டர்பரியில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது ஐயா. கி.பி. 597-இல் ஆரம்பித்ததாம். இன்றைக்கும் மணி அடிக்கிறது, பிள்ளைகள் போகிறார்கள். யார்க் நகரத்தில் இன்னொன்று, 627-இல் தொடங்கியதென்று சொல்லிக்கொள்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஒன்று காட்டும், பார்க்கலாம்!"

597 என்றால் ஏறக்குறைய நம் மகேந்திர பல்லவன் காலம். கேட்பதற்குப் பிரமிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காண்டர்பரிப் பள்ளிக்கூடத்தை எட்டாம் ஹென்றி மன்னர் 1541-இல் புதிதாக ஸ்தாபித்தார். அதனால்தான் அதற்கு 'அரசர் பள்ளி' என்று பெயர். அதற்கு முந்தைய தொள்ளாயிரத்துச் சொச்சம் வருஷமும், அந்த இடத்தில் மடமும் மாதா கோயிலும் இருந்தன, அங்கே யாராவது யாருக்காவது பாடம் சொல்லிக் கொடுத்துத்தானே இருப்பார்கள் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. வின்செஸ்டர் பள்ளியும் (1382), ஈட்டன் பள்ளியும் (1440) இன்னும் கெட்டியான ஆதாரம் உள்ளவை. இரண்டும் எழுபது ஏழைப் பையன்களுக்குச் சாப்பாடு போட்டுப் படிப்புச் சொல்லிக் கொடுக்க ஏற்பட்டவை. இன்று அவற்றின் வாசலை ஏழை எட்டிப் பார்க்க வேண்டுமானால் உபகாரச் சம்பளம் கிடைக்க வேண்டும். போகட்டும், அது அவர்கள் பாடு.

நண்பருக்குச் சுலபமான பதில் ஒன்று என்னிடம் இருந்தது. சென்னைக் கோட்டைக்குள் 1715-இல் தொடங்கிய தர்மப் பள்ளிக்கூடம், இடம் மாறிப் பெயர் மாறி, இன்று செயின்ட் ஜார்ஜ் பள்ளியாகச் சென்னையிலேயே நடக்கிறது. அதற்கும் முன்னால், 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு பாதிரியார் உடனேயே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். ஆனால் இவையெல்லாம் வந்தவர்கள் வைத்த பள்ளிகள். வந்தவர்கள் வருவதற்கு முன் இங்கே என்ன இருந்தது?

நாங்கள் உச்சிக்கு வந்துவிட்டோம். கீழே ஊர் விரிந்து கிடந்தது. பேகம்பூர் மசூதி, மாதா கோயில் கோபுரங்கள், ரயில் பாதை, அப்பால் வெயிலில் மங்கலாகச் சமவெளி. 1755-இல் ஹைதர் அலி பௌஜ்தாராக வந்து உட்கார்ந்த இடம் இது. 1790-இல் கும்பினிப் படை திப்புவிடமிருந்து கோட்டையைப் பிடித்தது. 1792 உடன்படிக்கையில் சீமையே அவர்கள் கைக்குப் போயிற்று. பிறகு மதுரை ஜில்லாவோடு சேர்ந்தது. 1985 வரை அப்படியே இருந்தது.

அந்த மதுரை ஜில்லாவைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. 1822-இல் சென்னை கவர்னர் சர் தாமஸ் மன்றோ எல்லாக் கலெக்டர்களுக்கும் உத்தரவு போட்டார்: உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், எந்த ஜாதி, எண்ணி அனுப்புங்கள் என்று. மதுரையில் அப்போது கலெக்டர் ரௌஸ் பீட்டர். மீனாட்சியம்மனுக்குத் தங்க அங்கவடி செய்து வைத்த அதே 'பீட்டர் பாண்டியன்'. அவர் அனுப்பிய கணக்கு: ஜனத்தொகை 7,88,196, பள்ளிக்கூடங்கள் 844, பிள்ளைகள் 13,781. சராசரி பார்த்தால் பள்ளிக்குப் பதினாறு பேர். ஒரு வாத்தியார், ஒரு திண்ணை, பதினாறு பையன்கள்! திண்டுக்கல் சீமைத் திண்ணைகளும் அந்த 844-க்குள் அடக்கம்.

ராஜதானி முழுவதற்குமாக 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். வீட்டிலேயே படிக்கிறவர்களையும் சேர்த்தால் ஆண் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்டப் படிப்பு உண்டு என்று 1826-இல் மன்றோ மதிப்புப் போட்டார்.

இதைச் சொன்னதும் நண்பர், "ஐயர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் படித்திருப்பார்கள்" என்றார். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பீட்டரின் கணக்கில் பிராமணப் பிள்ளைகள் 1,186 பேர்தான். வைசியர் 1,119. சூத்திரர் என்ற தலைப்பில் 7,247. முஸ்லிம் பையன்கள் 1,147. 'இதர ஜாதியார்' 2,977. இந்தக் கடைசித் தலைப்புக்குள் யார் யார் அடக்கம் என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். சேரிப் பிள்ளைகளுக்கு ஊர்த் திண்ணையில் இடம் கொடுத்திருப்பார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. பெண்கள்? ஜில்லா முழுவதிலும் 105 பேர். அந்தக் காலத்தில் தேவதாசிக் குலத்தாரையும் அரண்மனைப் பெண்களையும் தவிர மற்றப் பெண்களுக்குப் படிப்பே கிடையாதென்று மன்றோவே எழுதி வைத்தார். ஆகவே பழம்பெருமை பேசும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வது நல்லது.

திண்ணைப் பள்ளி எப்படி நடந்தது என்பதைப் பல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் 1823-இல் விவரமாக எழுதியிருக்கிறார். காலையில் முதலில் வரும் பையன் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்களாம். இரண்டாவது வருகிறவனுக்குச் சூன்யம். புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு ஓர் அடி, நாலாமவனுக்கு இரண்டு, அப்புறம் ஏறிக்கொண்டே போகும். பதினாறாவதாக வருகிறவன் கதியை நினைத்தால் பகீரென்கிறது. உட்கார்ந்ததும் மணலைப் பரப்பி விரலால் எழுத்து. கை பழகிய பிறகு பனையோலையும் எழுத்தாணியும். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் விடுமுறை, 'வாவு' என்பார்கள். வாத்தியாருக்கு அரிசியும் காசும் வந்தபோது வரும்.

ஒரே வாத்தியார் சின்னவனுக்கு அகரமும் பெரியவனுக்குக் கணக்கும் எப்படிச் சொல்லிக் கொடுப்பார்? அதற்குத்தான் சட்டாம்பிள்ளை. நன்றாகப் படித்த பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பான். சொல்லிக் கொடுக்கும்போது அவன் பாடமும் உறுதிப்படும். வாத்தியார் பிரம்போடு மேற்பார்வை.

இந்த இடத்தில்தான் கதை கப்பலேறுகிறது. 1789-இல் எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி ஏற்பட்டது. அதற்கு மேலதிகாரி ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். அவர் கீழே இருந்த உபாத்தியாயர்கள் புது வழி எதற்கும் இணங்காத ஆசாமிகள். ஒருநாள் காலை பெல் குதிரை மேல் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளியைப் பார்த்தார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தமிழரை அப்படித்தான் அழைத்தார்கள். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல் குதிரையைத் திருப்பினார். தம் பள்ளியிலும் மணலைப் பரப்பச் சொன்னார். உபாத்தியாயர்கள் முகம் சுளித்தார்கள். உடனே ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பையன் சாதித்துவிட்டான்.

பெல் 1796-இல் ஊர் திரும்பினார். மறுவருஷம் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மதராஸ் முறை' இங்கிலாந்தில் தீப்போல் பரவியது. லங்காஸ்டர் என்பவர் கிட்டத்தட்ட இதே முறையில் லண்டனில் பள்ளி நடத்தியபோது, யார் முதலில் கண்டுபிடித்தது என்று இரு கட்சியாருக்கும் பெரிய சண்டை. நம் சட்டாம்பிள்ளையைச் சாட்சிக்கு யாரும் கூப்பிடவில்லை. 1811-இல் ஏழைகள் கல்விக்கென்று இங்கிலாந்துத் திருச்சபையார் ஒரு தேசியச் சங்கமே வைத்து ஊர் ஊராக இந்த முறையில் பள்ளி திறந்தார்கள். 1832-இல் பெல் காலமானபோது அத்தகைய பள்ளிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் என்பார்கள். மன்றோவின் கணக்கில் வரும் நம் திண்ணைகளின் தொகையும் ஏறக்குறைய அதுதான்! பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தச் சங்கத்தார் வைத்த கிராமப் பள்ளிகளில் எத்தனையோ இன்றும் அங்கே நடக்கின்றன. முறையைப் பின்னால் கைவிட்டுவிட்டார்கள், பள்ளிகளை விடவில்லை.

இங்கே என்ன ஆயிற்று? மன்றோ ஜில்லாவுக்கு இரண்டு பள்ளியும் தாலுகாவுக்கு ஒன்றும் சர்க்கார் செலவில் வைக்க யோசனை சொன்னார். மறுவருஷமே, 1827-இல், காலராவில் போய்விட்டார். ஜனங்கள் ஏழைகளாகிவிட்டதால் பள்ளிகள் க்ஷீணிக்கின்றன என்று காம்ப்பெல் அப்போதே ஒளிக்காமல் எழுதினார். 1835-இல் மெக்காலே இங்கிலீஷுக்குப் பட்டம் கட்டினார். 1844-இல், இங்கிலீஷ் படித்தவனுக்கே சர்க்கார் உத்தியோகத்தில் முதலிடம் என்று உத்தரவு வந்தது. 1854-க்குப் பிறகு மானியம் வேண்டுமானால் ரிஜிஸ்தர், அச்சடித்த புத்தகம், இன்ஸ்பெக்டர் எல்லாம் வேண்டும் என்றாயிற்று. திண்ணை வாத்தியாருக்கு ரிஜிஸ்தர் ஏது? மானியம் வாங்கியவை எலிமெண்டரி பள்ளிகளாயின. வாங்காதவை வாத்தியாரோடு முடிந்தன. 1931 அக்டோபரில் லண்டனில் காந்திஜி, ஐம்பது நூறு வருஷத்துக்கு முன் இருந்ததைவிட இந்தியாவில் எழுத்தறிவு குறைந்துவிட்டது என்று சொன்னபோது, சர் பிலிப் ஹார்டாக் என்ற கல்விமான் ஆதாரம் எங்கே என்று விடாமல் கேட்டார். மன்றோ காலத்துக் காகிதங்களைத் தேடித் தொகுத்து தரம்பால் புத்தகமாக வெளியிட்டது 1983-இல்தான்.

கீழே இறங்கி வரும்போது நண்பர், "ஆக, காட்டுவதற்கு ஒரு பள்ளிக்கூடமும் இல்லை" என்றார். இல்லைதான். திண்ணைக்கு அஸ்திவாரக் கல் கிடையாது, பட்டயம் கிடையாது. கோட்டைக்குப் பின்புறத் தெருக்களில் ஒரு சுற்றுச் சுற்றினோம். திண்ணைகளை இடித்துக் கம்பிக் கதவு போட்டிருந்தார்கள். எஞ்சியிருந்த ஒன்றை ஒட்டி ஒரு ஸ்கூட்டர் நின்றது.

"அடுத்த தடவை ஸ்காட்லாந்து போனால் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போங்கள்" என்றேன். பெல் பிறந்த ஊர் அது. அவர் விட்டுப்போன பணத்தில் 1833-இல் அங்கே ஒரு பள்ளி திறந்தார்கள்; இன்னும் நடக்கிறது. பெயர் 'மதராஸ் காலேஜ்'. நாம் 1996-இல் அந்தப் பெயரை மாற்றிவிட்டோம். அவர்கள் அப்படியே வைத்திருக்கிறார்கள். பெயர்ப் பலகையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்படி கேட்டிருக்கிறேன்.