கேரள மக்களின் உடல்நலமும் மக்கள் இயக்கங்களும்

1975ஆம் ஆண்டில், திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையம் ஐக்கிய நாடுகள் சபைக்கெனத் தயாரித்த அறிக்கை வெளிவந்தபோது பொருளியலாளர் பலர் திகைத்தனர். தலைக்குரிய வருமானத்தில் இந்தியச் சராசரிக்கும் கீழே நின்ற கேரளத்தில் மக்கள் நீண்டநாள் வாழ்ந்தனர். குழந்தைகள் இறப்பது குறைந்திருந்தது. செல்வம் பெருகினாலன்றி ஆயுள் பெருகாது என ஓதி வந்தோருக்கு இது புதிராயிற்று.

மகாராஜாக்களின் தருமமும் பாதிரிமாரின் தொண்டுமே இதற்குக் காரணம் என்பார் உளர். திருவிதாங்கூரில் 1879ஆம் ஆண்டிலேயே அரசு ஊழியரும் மாணவரும் கைதிகளும் அம்மைப்பால் குத்திக்கொள்ள வேண்டுமென ஆணை பிறந்தது உண்மையே. ஆனால், சென்னை மாகாணத்தின் கீழிருந்த மலபாருக்கு அத்தகைய மகாராஜா எவரும் இருக்கவில்லை. 1956ஆம் ஆண்டில் கேரளம் ஒரே மாநிலமானபோது கல்வியிலும் வைத்திய வசதியிலும் மலபார் பின்தங்கியே கிடந்தது. பின்னர் அந்த இடைவெளி சுருங்கியது. அரண்மனைத் தருமத்தைக் கொண்டு இதனை விளக்குவது எங்ஙனம்?

விடையை நாம் வைத்தியசாலைக்கு வெளியிலேதான் தேட வேண்டும். 1903இல் தோன்றிய ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் கல்வியையும் தூய்மையையும் சாதிக் கொடுமைக்கு எதிரான ஆயுதங்களாக்கியது. (நாராயண குரு 1918இலும் 1926இலும் இலங்கைக்கு வந்து சென்றவர் என்பதை நம்மவர் பலர் மறந்துவிட்டனர்.) அய்யங்காளியின் தலைமையில் புலையர்கள், தம் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்கும்வரை நிலவுடைமையாளரின் வயலில் இறங்க மறுத்தனர். கூலிக்காகவன்றி எழுத்துக்காக நடந்த அவ்வேலைநிறுத்தத்துக்கு ஈடாக வேறொன்றைக் காண்பது அரிது. 1945இல் பி. என். பணிக்கர் 47 வாசிகசாலைகளை ஒன்றிணைத்துத் தொடங்கிய சங்கம் நாளடைவில் கேரளமெங்கும் பரந்தது.

இவற்றோடு விவசாயிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்தபோதுதான் நிலம் பற்றிய கேள்வி எழுந்தது. 1957இல் பதவியேற்ற அமைச்சரவை முதலிற் செய்த காரியங்களுள் ஒன்று, குடியெழுப்புவதைத் தடை செய்தமை. 1970இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரருக்குக் கிராமப்புறங்களில் 10 சென்ட் வரை உரிமையாக்கியது. உடல்நலத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு எனக் கேட்கலாம். நாளை துரத்தப்படலாம் என்று அஞ்சுபவன் இன்று கிணறு வெட்டுவானா? மலசலகூடம் கட்டுவானா? கொல்லையில் ஒரு முருங்கையேனும் நடுவானா? காலடி நிலம் சொந்தமான பிறகே குடிநீரும் கழிவும் வேறுவேறு வழி செல்லத் தொடங்கின.

உரிமையுணர்ச்சி வைத்தியசாலையையும் விட்டுவைக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில நாள் வைத்தியர் இல்லையெனில் இடதுசாரிகளின் தலைமையில் ஊரே திரண்டு கலெக்டர் அலுவலகத்துக்குச் செல்லும் என மானிடவியலாளர் ஜோன் மென்சர் 1980இல் எழுதினார். ஏனைய மாநிலங்களில் வைத்தியர் வராவிடின் நோயாளி திரும்பிப் போவான். இங்கே கூட்டம் திரும்பிப் போக மறுத்தது.

1962இல் அறிவியல் எழுத்தாளர்களின் சங்கமாகக் கோழிக்கோட்டில் பிறந்த கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், 1987இல் ஏறத்தாழ 10,000 கிராமிய வீடுகளில் ஆய்வு நடத்தியது. தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று நோயை மட்டும் கேட்கவில்லை. வருமானம், கல்வி, கிணறு, மலசலகூடம் யாவற்றையும் கேட்டனர். ஏழை வீட்டில் நோய் மிகுதி, வசதி ஏற ஏறத் தொற்றுநோய் குறைவு என்பதே அவர்கள் கண்டது. நீண்டநாள் வாழும் கேரளத்திலும் வர்க்கம் உடலில் எழுதப்பட்டேயிருந்தது. பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் எரித்த புகையைக் குறைக்கப் பரிஷத் ஓர் அடுப்பையே வடிவமைத்துப் பரப்பியது. 1989இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் அது அரசு நிருவாகத்தோடு கைகோத்துத் தொடங்கிய எழுத்தறிவு இயக்கம் மாநிலமெங்கும் பரவி, 1991 ஏப்ரல் 18இல் முழு எழுத்தறிவுப் பிரகடனத்தில் முடிந்தது.

இத்தனை சங்கங்கள் கூடியும் எட்டாத இடங்கள் இருந்தன. பறிபோன ஆதிவாசி நிலத்தை மீட்பதற்கான சட்டம் 1975இல் இயற்றப்பட்டு ஏட்டிலேயே கிடந்தது; 2013இல் அட்டப்பாடியில் ஆதிவாசிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. நிலச் சீர்திருத்தம் தோட்டங்களுக்கு விலக்களித்தது. ஆகவே மூணாற்றின் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயக் காம்பராக்களுக்கு 10 சென்ட் என்ற பேச்சே எழவில்லை. வேலை முடிந்தால் வீடும் போயிற்று. எம் மலையகத்தை அறிந்தவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

2015 செப்டம்பரில் அங்குள்ள ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் 'பெண்கள் ஒற்றுமை' என்ற பெயரில் தெருவை மறித்தனர். அன்று அவர்களின் நாட்கூலி 232 ரூபா. அவர்கள் கேட்டது 500. தொழிற்சங்கத் தலைவர்களை, இடதுசாரிகள் உட்பட, அவர்கள் அண்ட விடவில்லை. முற்போக்காளர் சிலருக்கு அது கசந்தது. கசந்திருக்கவேண்டியது அப்பெண்களின் நடத்தையன்று. ஐந்தாண்டுகளின் பின், 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் மாண்டனர்.