டோனவனோசிஸ்: ஆண்குறிப் புண் ஒன்றின் ஆய்வு வரலாறு

முன்னுரை

நோயை இன்னதென்று அறிந்த பின்னரே அதற்குரிய மருந்தை நாட இயலும். மறைவுறுப்பில் தோன்றும் நோய்களில் இவ்வறிதல் எளிதாக நிகழ்வதில்லை. நோயாளி நாணத்தால் சொல்லத் தயங்குகிறார். சுற்றத்தார் பழிக்கு அஞ்சி மறைக்கின்றனர். புண் முற்றிய பின்னரே மருத்துவர் அதனைக் காண்கிறார். தமிழ் வழக்கில் மேகநோய், கிரந்தி, கொறுக்கு, பறங்கிப்புண் எனப் பல பெயர்கள் வழங்கி வந்துள்ளன. இவற்றுள் பறங்கிப்புண் என்பது நோயின் வரவை ஐரோப்பியரோடு தொடர்புபடுத்துவது. எனினும் இப்பெயர்கள் இன்றைய மருத்துவம் பிரித்துக் காணும் நோய்களோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்துவன அல்ல. இவ்வாறு கலந்து கிடந்த புண்களுள் ஒன்று தனிநோயாக அறியப்பட்ட வரலாற்றையும், அதில் சென்னைக்குள்ள இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நோயின் இயல்பு

டோனவனோசிஸ் பெரும்பாலும் பாலுறவின் வழிப் பரவும் நோய். ஆண்களில் முன்தோல், குறியின் மொட்டு, மொட்டின் அடிப்பள்ளம் ஆகிய இடங்களில் சிறு கொப்புளமாகத் தோன்றிப் புண்ணாக விரியும். புண் செந்நிறமாகச் சதை மேலோங்கி நிற்கும். தொட்டால் குருதி கசியும். ஆயினும் பொதுவாக வலி இராது. வலியின்மையே இந்நோயாளிகள் மருத்துவரை நாடாது காலம் தாழ்த்துவதற்குரிய காரணங்களுள் முதன்மையானது எனலாம். கவனியாது விட்டால் புண் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் படர்ந்து உறுப்பையே அழிக்கும். பெண்களையும் இந்நோய் பற்றும்.

இதன் தோற்றம் பிற நோய்களோடு மயங்கற்குரியது. சிபிலிஸ் எனக் கருதிப் பென்சிலின் தந்தால் இப்புண் ஆறாது. புண்ணின் விளிம்பில் தோல் மிகையாக வளர்வதால் புற்றுநோய் எனவும் மயங்க நேரும். அம்மயக்கம் குறியை வெட்டி நீக்கும் முடிவுக்கே இட்டுச் செல்லக்கூடும். மருந்தால் ஆறக்கூடிய புண்ணுக்காக ஒருவர் உறுப்பை இழப்பது பெருங்கேடு. நோயைப் பிரித்தறியும் ஆய்வு இதனாலேயே இன்றியமையாததாகிறது.

கல்கத்தாவும் சென்னையும்

இந்நோயை முதலில் விவரித்தவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவை மருத்துவர் கென்னத் மெக்லியாட். 1882 இல் வெளியான தம் அறுவைச் சிகிச்சைக் குறிப்புகளில் பிறப்புறுப்பில் ஊர்ந்து படரும் புண் என இதனைப் பதிவு செய்தார். நோயின் வடிவம் அவ்வாறு அறியப்பட்டதாயினும் காரணம் புலப்படவில்லை.

காரணத்தைக் கண்டவர் சார்லஸ் டோனவன். 1863 இல் கல்கத்தாவில் பிறந்த அவர் 1891 இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகவும் பொது மருத்துவமனையில் மருத்துவராகவும் விளங்கினார். கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசாரின் ஒட்டுண்ணியை 1903 இல் கண்டறிந்தோருள் அவரும் ஒருவர். 1905 இல் அதே மருத்துவமனைப் பணியாளர் ஒருவரின் வாய்ப்புண்ணிலிருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, உயிரணுக்களுக்குள் திரண்டிருந்த நுண்ணிய உருவங்களைக் கண்டார். அவையே பின்னர் டோனவன் உருக்கள் எனப் பெயர் பெற்றன. பிறப்புறுப்பு நோய் ஒன்றின் காரணி வாய்ப்புண்ணில் புலப்பட்டது நோக்கத்தக்கது. இந்நோய் வாயிலும் தோன்றும் என்பதற்கு அது சான்று.

டோனவன் அவ்வுருக்களை ஓரணு விலங்கின் வகையினவாகக் கருதினார். அக்கருத்து நிலைக்கவில்லை. 1913 இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் அராகாவும் வியானாவும் இதனை பாக்டீரியா என வகைப்படுத்திக் கலிமட்டோபாக்டீரியம் எனப் பெயரிட்டனர். கருத்து மாறியபோதும் டோனவன் கண்ட காட்சி மாறவில்லை. புண்ணின் விளிம்பிலிருந்து சிறிது திசுவை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றி நோக்கினால் பெரிய உயிரணுக்களுக்குள் இரு முனையிலும் கருமை கொண்டு ஊக்கு வடிவில் அவை தோன்றும். நுண்ணோக்கியும் சாயமும் உள்ள எந்த மருத்துவமனையிலும் செய்யத்தக்க இவ்வெளிய சோதனையே புற்றுநோயிலிருந்து இந்நோயைப் பிரித்தறிய இன்றும் துணை நிற்கிறது.

மருந்தும் பெயரும்

தொடக்கத்தில் புண்ணை வெட்டி நீக்குதலும் சுடுதலுமே மருத்துவமாக இருந்தன. பிரேசில் ஆய்வாளர்கள் ஆன்டிமனி உப்பை நரம்பின் வழிச் செலுத்தும் முறையைக் கொணர்ந்தனர். அது பயன் தந்ததாயினும் நச்சுத்தன்மை உடையது. நோய் மீள்வதும் உண்டு. 1943 இல் அமெரிக்காவில் கேத்தரின் ஆண்டர்சன் கோழிக்கருவின் மஞ்சள்கருப் பையில் இந்நுண்ணுயிரை வளர்த்தார். 1940களின் பிற்பகுதியில் ஸ்ட்ரெப்டோமைசின் வழங்கப்பட்டது. அதன் பின் பிற நுண்ணுயிர்க்கொல்லிகளும் பயன்பாட்டுக்கு வந்தன. டோனவனோசிஸ் என்னும் பெயர் 1950 இல் முன்மொழியப்பட்டது.

சென்னையின் பங்கு டோனவனோடு முடிந்துவிடவில்லை. அந்நகரின் பால்வினை நோய் மருத்துவர்களான ஆர். வி. ராஜம், பி. என். ரங்கையா ஆகிய இருவரும் இந்நோய் குறித்து எழுதிய நூலை உலக சுகாதார நிறுவனம் 1954 இல் தன் தனிநூல் வரிசையில் வெளியிட்டது. இந்தியாவின் தென்கிழக்குக் கடற்கரைப் பகுதியில் இந்நோய் மிகுந்திருந்தமையால் அவர்களுக்கு நேரடி அனுபவம் வாய்த்தது. குடியேற்ற ஆட்சிக்காலத்தில் அயல் மருத்துவர் தொடங்கிய ஆய்வை, விடுதலைக்குப் பின் தமிழகத்திலேயே பணிபுரிந்த மருத்துவர்கள் உலகுக்குரிய நூலாக்கினர் என்பது குறிப்பிடத்தக்கது.

1999 இல் இந்நுண்ணுயிர் கிளெப்சியெல்லா இனத்தில் சேர்க்கப்பட்டது. அசித்ரோமைசின் இன்றைய முதன்மை மருந்து. அதனை ஒருவேளை தந்து நிறுத்தலாகாது. குறைந்தது 3 வாரங்களும், புண் முழுதும் ஆறும் வரையிலும் தொடர வேண்டும். ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடையே 2001 முதல் 2004 வரை நடந்த ஒழிப்புத் திட்டத்தில் இம்மருந்தே பெரிதும் துணையாயிற்று.

முடிவுரை

இன்று இந்தியாவில் டோனவனோசிஸ் அரிதாகிவிட்டது. அரிதானமை மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் கண்டறியாத நோயை நினைவில் வைத்திருக்கும் மருத்துவரும் அரிதாவர். பழைய மயக்கம் மீண்டும் நேர இடமுண்டு. குறியில் ஆறாப் புண் காணும் மருத்துவர் வெட்டுமுன் ஒரு கண்ணாடித் தகட்டை நாட வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம். கண்டறிந்த மருத்துவரின் பெயர் நோய்க்கு நிலைத்தது. புண்ணைக் காட்ட முன்வந்த அப்பணியாளரோ பணியால் மட்டுமே குறிக்கப்பெறுகிறார். நாணத்தை ஒதுக்கி உடலைக் காட்டிய அவரைப் போன்றோர் இன்றி இவ்வறிவு நமக்கு வாய்த்திராது.