தில்லிச் செய்தித் தமிழும் மும்பைச் செவிகளும்

இந்தியாவில் ஒழுங்கான ஒலிபரப்பு 1927 சூலை 23 அன்று பம்பாயில்தான் தொடங்கிற்று. ஆயினும் அந்நகரத் தமிழருக்கு வானொலித் தமிழ் பெரும்பாலும் வேற்றூரிலிருந்து வரும் குரலாகவே இருந்தது. நிலையம் அமைந்த வட்டாரத்தின் மொழிக்கே முதலிடம் என்பது அரசின் ஒலிபரப்புக் கொள்கை. 1960இல் மகாராட்டிரம் தனி மாநிலமானபின் பம்பாய் நிலையத்தில் தமிழ் பிறமாநில மொழியே. எனவே தில்லியிலிருந்து சிற்றலையில் வந்த தமிழ்ச் செய்தியறிக்கை இங்கே தனி மதிப்புப் பெற்றது.

இம்மதிப்பு செய்தியைப் பற்றியது மட்டுமன்று. தாராவியில் திருநெல்வேலி வழக்கு மிகுதி. மாட்டுங்காவில் தஞ்சை, பாலக்காட்டு வழக்குகள். செம்பூரில் யாவும் கலந்தவை. இவர்கள் அனைவரும் ஒருங்கே கேட்ட, எந்த மாவட்டத்தையும் சாராத தமிழ் செய்தித் தமிழே. மேடைப் பேச்சும் திரைப்பட உரையாடலும் இருந்தனவே எனலாம். முன்னது கட்சியைச் சார்ந்தது. பின்னதோ கதைமாந்தரின் சாதியையும் ஊரையும் காட்டுவது.

அத்தமிழ் மொழிபெயர்ப்பில் பிறந்தது என்பது நம் கவனத்திற்குரியது. தில்லிச் செய்தியறையின் ஆங்கிலப் படியே மூலம். சொன்னவர் பெயரை முதலில் வைத்து, நீண்ட துணைத்தொடரைப் பின்னே நீட்டுவது ஆங்கில நடை. அதனை அப்படியே பெயரெச்சங்களாக அடுக்கினால் வினைமுற்று வருமுன் கேட்பவர் எழுவாயை மறந்துவிடுவார். திரும்பப் படிக்கும் வசதி செவிக்கு இல்லை. ஆதலின் ஒரு வாக்கியத்தை இரண்டு மூன்றாக முறிப்பது தவிர்க்க இயலாததாயிற்று. 'செய்திகள் வாசிப்பது' என்னும் தொடக்கமும் நோக்கத்தக்கது: 'வாசிப்பவர்' என்னாமல், அஃறிணை ஈற்றுத் தொழிற்பெயரின்பின் ஆளின் பெயரை நிறுத்தி அழுத்தம் தரும் அமைப்பு அது. அவ்வமைப்பைத் தமிழர் நினைவில் நிறுத்திய சரோஜ் நாராயணசுவாமி மும்பையில் வளர்ந்தவர். 2022 ஆகத்து 13 அன்று மும்பையிலேயே மறைந்தார்.

நேயர் குறைந்ததற்குச் சமூக ஊடகத்தை மட்டும் காரணங்காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1952இல் அமைச்சர் கேசுகர் திரைப்பாடலை ஒதுக்கியபோதே நேயர் இலங்கை வானொலிக்குச் சென்றனர். 1957 அக்டோபரில் விவித்பாரதி தொடங்கியது அவர்களை மீட்கவே. 1993இல் சன் தொலைக்காட்சி வந்தது. பின்னர்க் கைப்பேசி. 1990இல் இயற்றப்பட்ட பிரசார் பாரதிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1997இல்தான். 2023 மே மாதத்தில் ஆங்கிலப் பெயரை விடுத்து 'ஆகாசவாணி' என்பதையே வழங்க ஆணை பிறந்தபோது தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது. பெயர் பற்றிய அந்த வழக்கில் நியாயம் உண்டு. ஆனால் கேட்பவர் எங்கே போயினர் என்ற வினா அதில் எழவில்லை.

இன்று தாராவி இளைஞர் கைப்பேசியில் கேட்கும் தமிழுக்குக் குறைவில்லை. அது பேச்சுத் தமிழ். பேசுபவரின் ஊரை உடனே சொல்லிவிடும். அரசு வானொலியின் செயலியில் சென்னை நிலையமும் இரைச்சலின்றி, அலைவரிசை தேடும் தொல்லையின்றிக் கிடைக்கிறது. சிற்றலைக் காலத்து மும்பைத் தமிழர் விரும்பியிருக்கக்கூடிய வசதி அது. கேட்போர் கலைந்தபின் வந்திருக்கிறது.